‘டென்ஷன்’ என்பதற்குத் தமிழ் என்ன?

‘என்னை டென்ஷன் பண்ணாதே’ என்றால் அது கோபம். ‘ரிசல்ட் வரும்வரை ஒரே டென்ஷன்’ என்றால் பயம். ‘ஆபீஸில் டென்ஷன்’ என்றால் வேலைப்பளு. மணி பத்தாகியும் பிள்ளை வீடு திரும்பாத கவலைக்கும் இதே சொல்தான்.

லத்தீனில் ‘டெண்டெரே’ என்றால் இழுத்தல், நீட்டுதல். அதன் வழியில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. நம் இயற்பியல் பாடத்தில் வரும் இழுவிசை, பரப்பு இழுவிசை எல்லாம் இந்த டென்ஷன்தான். ரத்தக் கொதிப்புக்கு மருத்துவர்கள் சொல்லும் ‘ஹைப்பர்டென்ஷன்’ வேறு குழப்பத்தைக் கூட்டுகிறது. அதிலுள்ள டென்ஷன் ரத்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம், மனக்கவலை அல்ல. ‘எனக்குத்தான் டென்ஷனே இல்லையே, பி.பி. மாத்திரை எதற்கு?’ என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, தமிழில்? லத்தீன் மூலச்சொல்லின் அர்த்தத்துக்கு நெருக்கமானது ‘மன இறுக்கம்’. இது வெறும் உவமையும் அல்ல. கவலை மிஞ்சினால் தாடை, கழுத்து, தோள் தசைகள் உண்மையிலேயே இறுகும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் இதை வைத்தே ஒரு பயிற்சியை வகுத்து, 1929இல் நூலாக வெளியிட்டார். முஷ்டியைச் சில நொடி இறுக்கிப் பிடித்து மெல்லத் தளர்த்துவது, பிறகு தோள், அப்புறம் கால் என்று போவது. இறுக்கிப் பார்த்தால்தான் தளர்வு எது என்றே உடம்புக்குத் தெரிகிறது.

‘மன அழுத்தம்’ என்றும் சொல்கிறார்கள். அது ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பொருந்தும். டிப்ரஷனுக்கும் அதையே போடுவதுதான் தொல்லை. அதற்கு ‘மனச்சோர்வு’ இருக்கிறது.

என்னைக் கேட்டால், எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லைத் தேடவே வேண்டாம். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, எட்டாகப் பிரித்து, அச்சத்தையும் வெகுளியையும் (கோபத்தையும்) தனித்தனியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களும் சொல்கிறது. நாம் இரண்டையும் டென்ஷனில் போட்டுக் கலக்கிவிட்டோம். கோபத்துக்குச் செய்ய வேண்டியது வேறு, பயத்துக்கு வேறு. எது என்று பெயர் சொல்வதே கொஞ்சம் ஆற்றும். முகப் படங்களில் தெரியும் உணர்வுக்குப் பெயரிட்டபோது, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்ததை அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் காட்டினார்கள்.

ஆக, இடத்துக்கு ஏற்றபடி எரிச்சல், பதற்றம், கவலை, கலக்கம், ஆற்றாமை என்று எழுதலாம். நெஞ்சு அடித்துக்கொண்டால் படபடப்பு. கூடவே மார்பு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் எந்தச் சொல்லும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.