மச்சில் தொங்கும் சூரிய மண்டலம்

கோளரங்கம் என்றால் இருட்டு, சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் கவிழ்ந்த திரை, அவ்வளவுதானே? நெதர்லாந்தில் ஃப்ரானேகர் என்ற சின்ன ஊரில் இருக்கும் கோளரங்கத்தில் இதில் ஒன்றும் கிடையாது. ஒரு பழைய வீட்டின் கூடம், அண்ணாந்தால் நீல வண்ணம் பூசிய பலகை மச்சு, அதில் வெட்டியிருக்கும் வட்டப் பாதைகளில் தொங்கும் குட்டி உருண்டைகள். சூரியனைப் பார்த்த பாதிக்குத் தங்க முலாம், மறுபாதி கறுப்பு.

கட்டியவர் ஐசே ஐசிங்கா. கம்பளி சீவுவது தொழில், கணக்கில் புலி. 1774 மே மாதம் நிலாவும் நான்கு கோள்களும் வானத்தில் ஒரே பக்கம் கூடுவதால் பூமி தடம் புரண்டு சூரியனில் விழப்போகிறது என்று ஒரு பாதிரியார் எழுதிவைக்க, ஊர் நடுங்கியது (வாட்ஸ்அப் இல்லாத காலத்திலேயே இந்தக் கதி). அட, இது வழக்கமாக நடப்பதுதான் என்று காட்டவே ஐசிங்கா வேலையை ஆரம்பித்தார் என்பார்கள். முடிந்தது 1781-இல்.

சரி, எப்படி ஓடுகிறது? மச்சுக்கு மேலே மர வளையங்களும் தட்டுகளும் இருக்கின்றன; பற்களுக்குப் பதிலாக வரிசையாக அடித்த இரும்பு ஆணிகள், சுமார் 10,000. எடைகள் மெல்ல இறங்கும் விசையில் சக்கரங்கள் சுற்ற, வேகத்தை ஓர் ஊசல் கட்டுப்படுத்துகிறது. 10 ஆணிச் சக்கரம் 100 ஆணிச் சக்கரத்தைத் தள்ளினால் வேகம் பத்தில் ஒன்றாகிவிடும். இப்படிச் சக்கரத்துக்கு அடுத்து சக்கரமாகக் குறைத்துக்கொண்டே போய், புதன் 88 நாளில் ஒரு சுற்று, பூமி ஒரு வருஷத்தில், சனிக்கோ 29 வருஷத்துக்கும் மேல் என்று கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். எனக்கு இதில் சனிதான் அதிசயம். இங்கே ஒரு மில்லிமீட்டர் என்பது பத்து லட்சம் கிலோமீட்டர். அந்த அளவில் கணக்குப் போட்டால் புதன் நாளைக்கு 4 மில்லிமீட்டர் போகும், சனி ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது.

ஊசலின் நீளத்தில்தான் மனைவியோடு தகராறு என்று ஒரு கதை உண்டு. நீள ஊசல் அவர்களின் அலமாரிக் கட்டிலுக்குள் இறங்குமாம், அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஊசலைக் குட்டையாக்கினால் அது வேகமாக ஆடும், அப்புறம் சக்கரக் கணக்கையும் மாற்றியாக வேண்டும்.

யுரேனஸ் இங்கே இல்லை. அதைக் கண்டுபிடித்ததும் அதே 1781-இல்தான். சேர்க்க நினைத்தாலும் இந்த அளவில் சூரியனிலிருந்து கிட்டத்தட்ட 3 மீட்டர் தள்ளி வைக்கவேண்டும், கூடத்தில் அதற்கு இடமேது? வருஷம் எழுதிய பலகையை மட்டும் 22 வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதுகிறார்கள். போகிறவர்கள் கூடத்தோடு திரும்பிவிடாமல் மாடிக்கும் ஏறுங்கள், ஆணிகள் அங்கேதான்.