உளவுத்துறை மக்கள் பிரதிநிதிகளிடம் எதை, எப்போது, எப்படிச் சொல்கிறது?

கேரளத்தில் மூணாறு எஸ்டேட் லயத்திலோ (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) கொழிஞ்சாம்பாறைப் பக்கமோ ஒரு யூனியன் கூட்டம் நடக்கிறது. மஃப்டியில் ஒருவர் ஓரமாக நின்று, பேசுகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு போகிறார். அவர் மாநிலப் போலீஸின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்சா, மத்திய அரசின் உள்நாட்டு உளவு அமைப்பான ஐபியா என்று யாருக்கும் தெரியாது. "நம்ம எம்.பி.கிட்ட சொல்லி டெல்லியில கேக்கச் சொல்லுங்க" என்பார்கள். கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வி போகும் பாதையைத் தெரிந்துகொண்டால்தான் என்ன பதில் வரும் என்பதும் தெரியும்.

மக்களவையில் கேள்வி கேட்க உறுப்பினர் குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன் நோட்டீஸ் தர வேண்டும். ஒரு நாளுக்கு நட்சத்திரக் கேள்வி (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வது) 20, நட்சத்திரமில்லாதது (எழுத்தில் மட்டும் பதில் வருவது) 230. எது உள்ளே வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். குலுக்கலில் தேறினாலும், தன்மையிலேயே இரகசியமான விஷயங்களைக் கேட்கக் கூடாது என்ற விதி குறுக்கே நிற்கும். அதையும் தாண்டினால் கேள்வி ஐபிக்குப் போவதில்லை, உள்துறை அமைச்சகத்துக்குப் போகிறது. அமைச்சகம் ஐபியிடம் விவரம் வாங்கி, பதிலை எழுதி, அதிகாரிகள் பார்த்து, அமைச்சர் ஒப்புதலோடு அவையில் வைக்கிறது. நட்சத்திரக் கேள்வி என்றால், எழக்கூடிய துணைக் கேள்விகளை முன்கூட்டியே ஊகித்து, அவற்றுக்கும் தனிக் குறிப்பு தயாராகும். கடைசியில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. அதில் பொய் எதுவும் இல்லை. லயத்தில் இருப்பவருக்கு வேண்டிய பதிலும் இல்லை.

அதிகாரிகளின் மனநிலை இதற்குக் காரணமல்ல. ஐபி 1887இல் தொடங்கியது, வெளிநாட்டு உளவைப் பார்க்கும் ரா 1968இல். இரண்டின் அதிகாரத்தையும் பொறுப்பையும் வரையறுக்கும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. எம்.பி. மணீஷ் திவாரி 2011இல் தனிநபர் மசோதா (அரசு அல்லாமல் உறுப்பினர் தாமே கொண்டுவருவது) ஒன்று கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. உறுப்பினர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை எழுத்தில் இல்லாதபோது, சொல்வதற்கென்று ஓர் அலுவலகமும் முளைக்காது.

அமெரிக்காவில் அந்தக் கடமை எழுத்தில் இருக்கிறது. 1974இல் வந்த சட்டத் திருத்தம், வெளிநாடுகளில் தன் கை தெரியாமல் செய்யும் மறைமுக நடவடிக்கைகளைக் காங்கிரஸின், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்தின், குழுக்களுக்குத் தெரிவிக்கச் சொன்னது. செனட் 1976இலும் பிரதிநிதிகள் சபை 1977இலும் நிரந்தர உளவுக் குழுக்களை அமைத்தன. இரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட இரான்–கான்ட்ரா ஊழலுக்குப் பின் 1991இல் வந்த சட்டம் பிடியை இறுக்கியது. நடவடிக்கைக்கு அதிபர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். அவசரத்தில் வாய்மொழியாகச் சொன்னால் 48 மணி நேரத்துக்குள் எழுத்தாக்க வேண்டும். நடந்து முடிந்ததற்குப் பின்தேதியிட்டு அனுமதி தர முடியாது.

இந்தக் கடமையை நிறைவேற்றவே, அமெரிக்காவின் வெளிநாட்டு உளவு அமைப்பான சிஐஏ, காங்கிரஸ் விவகாரங்களுக்கென ஓர் அலுவலகத்தை நடத்துகிறது. களப் பிரிவு எழுதும் அறிவிக்கையைச் சட்ட ஆலோசகர்கள் பார்த்த பிறகே அது குழுவுக்குப் போகும். குழு கூடுவது ஒட்டுக்கேட்க முடியாதபடி அமைத்த அறையில். கைபேசி வெளியிலேயே நின்றுவிடும். உறுப்பினர்களுக்குத் தனிப் பாதுகாப்புச் சோதனை கிடையாது, தேர்ந்தெடுக்கப்பட்டதே அவர்களுக்குத் தகுதி. அவர்களின் உதவியாளர்களுக்கு மட்டும் சோதனை உண்டு. அங்கேயே பதில் சொல்ல முடியாத கேள்விகளைக் குறித்துக்கொண்டு போய், பிறகு எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும். இந்த வேலையில் மிக முக்கியமானது யாரிடம், எந்தத் தேதியில், எந்தச் சொற்களில் சொன்னோம் என்ற பதிவுதான். பின்னாளில் தகராறு வரும்போது இரு தரப்பும் தேடி ஓடுவது அந்தத் தாளைத்தான்.

இவ்வளவு இருந்தும் பழுது வந்தது. 1984இல் நிகரகுவா துறைமுகங்களில் சிஐஏ கண்ணிவெடி வைத்தது. செனட் குழுவுக்குச் சொல்லிவிட்டோம் என்று இயக்குநர் வில்லியம் கேசி தரப்பு வாதாடியது. சொன்னது உண்மைதான். நெடுநேரம் நீண்ட விளக்கக் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம். குழுத் தலைவர் பாரி கோல்ட்வாட்டர் கேசியின் சொந்தக் கட்சிக்காரர், சிஐஏவுக்கு வேண்டியவர். அவரே கொதித்துப்போய்க் கடிதம் எழுதினார். கேசி மன்னிப்புக் கேட்டார். எதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று அந்த ஜூனில் எழுத்தில் உடன்பாடும் ஆனது.

இன்னொரு பழுது இதைவிடக் கவனிக்க வேண்டியது. மிக இரகசியமானவற்றை எட்டுப் பேரிடம் மட்டும் சொன்னால் போதும் என்று சட்டம் இடம் தருகிறது: இரு அவைகளிலும் இரு கட்சித் தலைவர்கள், இரு உளவுக் குழுக்களிலும் தலைவரும் எதிர்க்கட்சி மூத்தவரும். 2003 ஜூலையில் ஒட்டுக்கேட்புத் திட்டம் ஒன்றைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்த, அந்த எட்டுப் பேரில் ஒருவரான செனட்டர் ஜே ராக்ஃபெல்லர், துணை அதிபர் டிக் செய்னிக்குத் தன் கையாலேயே கடிதம் எழுதினார். தட்டச்சு செய்ய உதவியாளரிடம் தர முடியாது. தொழில்நுட்பமோ சட்டமோ தெரிந்தவரிடம் கலந்து பேசவும் முடியாது. தன் கவலையை எழுதி, ஒரு நகலை உறையில் இட்டு முத்திரை வைத்து, குழுவின் பாதுகாப்பு அறையிலேயே வைத்தார். விஷயம் அவருக்குத் தெரிவிக்கப்பட்டதுதான். தெரிந்ததை வைத்துக் கேள்வி எழுப்பும் வழிதான் அடைக்கப்பட்டிருந்தது. என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய ஓட்டை இதுதான்.

நம் பக்கம் இது எவ்வளவு பாரமான விஷயம் என்பதற்குத் திருவனந்தபுரமே சாட்சி. நாகர்கோவில்காரரான இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைதானார். கேரளப் போலீஸ் பிடித்தது, ஐபியும் விசாரித்தது. 1996இல் சிபிஐ ஆதாரம் இல்லை என்று அறிக்கை தந்தது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பரில். உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு என்று ஒன்று இருக்கவே செய்கிறது. மானியக் கோரிக்கைகளை (துறையின் செலவுக்கு அரசு கேட்கும் தொகை) அது பார்க்கலாம், அன்றாட நிர்வாகத்துக்குள் போக முடியாது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு என்று சொல்லி ஆவணத்தைத் தர அரசு மறுக்கவும் விதி இடம் தருகிறது. பிரிட்டன் தன் உளவு அமைப்புகளைக் கண்காணிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழுவைச் சட்டப்படி அமைத்ததும் அதே 1994இல்தான்.

ஆகவே இப்போதைக்கு நம் உறுப்பினர்கள் பதில் வரக்கூடிய கேள்வியைப் பதில் சொல்லக் கடமைப்பட்ட இடத்தில் கேட்க வேண்டும். கூட்டத்தில் பெயர் எழுதியது ஸ்பெஷல் பிராஞ்ச் என்றால் இடம் கேரள சட்டப்பேரவை. அங்கே துறைவாரிக் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்கின்றன. அரசமைப்பின் 210ஆம் பிரிவின்படி, மலையாளம், இந்தி, ஆங்கிலம் எதிலும் சரிவரப் பேச வராத உறுப்பினர் சபாநாயகர் அனுமதியோடு தாய்மொழியில் பேசலாம். 2021இல் தேவிகுளம் உறுப்பினர் பதவி உறுதிமொழியே தமிழில்தான் எடுத்தார். "யாரைக் கண்காணிக்கிறீர்கள்?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். விதி பின்பற்றப்பட்டதா என்று கேட்பதே வழி. தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவு ஒரு முறைக்கு 60 நாள், நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள். மாநிலத்தில் அந்த உத்தரவுகளைத் தலைமைச் செயலர் தலைமையிலான மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கூடிப் பார்க்க வேண்டும். போன ஆண்டு அந்தக் குழு எந்தெந்தத் தேதிகளில் கூடியது, எத்தனை உத்தரவுகளை ரத்து செய்தது என்று கேட்டால், யாருடைய பெயரும் வெளியே வராது. இரகசியம் என்று தட்டிக்கழிக்கவும் எளிதில் முடியாது.