சுழல்கள் உருகும்போது மீக்கடத்திக்கு என்ன ஆகிறது?

மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருளான மீக்கடத்திக்குக் காந்தப்புலம் ஆகாது என்றுதான் பாடப் புத்தகங்கள் தொடங்கும். ஈயத்தைப் பொறுத்தவரை அது சரி. புலம் 0.08 டெஸ்லாவை (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) தொட்டாலே அதன் மீக்கடத்தும் தன்மை போய்விடும். வலுவான காந்தங்களுக்குப் பயன்படும் மீக்கடத்திகள் வேறு ரகம். அவை புலத்தை உள்ளே விட்டுவிடும், ஆனால் மெல்லிய இழைகளாக மட்டும். ஒவ்வொரு இழையையும் சுற்றி மின்னோட்டம் சுழல்வதால் அதைச் சுழல் என்கிறோம்.

1957-இல் இயற்பியலாளர் அலெக்ஸி அப்ரிகோசோவ் இதைக் கணக்கிட்டுச் சொன்னார். 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. புலத்தைக் கூட்டினால் எந்தச் சுழலும் பருக்காது, எண்ணிக்கைதான் கூடும். 1 டெஸ்லாவில் அடுத்தடுத்த சுழல்களுக்கு இடையே சுமார் 50 நானோமீட்டர் இருக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது? பொருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அது சுழல்களைப் பக்கவாட்டில் தள்ளும். சுழல் நகர்ந்தால் ஆற்றல் வீணாகும், அதாவது மின்தடை திரும்பிவிடும். அதனால் படிகத்தில் உள்ள குறைகளில் சுழல்கள் சிக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பது நமக்கு நல்லது.

1986-இல் பெட்நோர்ஸும் முல்லரும் தொடங்கிவைத்த தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில் கதை மாறுகிறது. இவை அடுக்கடுக்கானவை. மீக்கடத்தும் தன்மை தாமிர-ஆக்சிஜன் அடுக்குகளில் வலுவாகவும் இடையில் பலவீனமாகவும் இருக்கும். பிஸ்மத் கலந்த ஒரு சேர்மத்தில் இந்த இடைவெளி சுமார் 1.5 நானோமீட்டர். அடுக்குகளுக்குச் செங்குத்தாகப் புலம் வந்தால், சுழல் முழு இழையாக நிற்பதில்லை. அடுக்குக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வட்டுகளாகப் பிரிகிறது. மேல்வட்டுக்கும் கீழ்வட்டுக்கும் பிணைப்பு குறைவு என்பதால் கொஞ்சம் வெப்பமே அவற்றை ஆளுக்கொரு பக்கம் கலைத்துவிடும்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஒழுங்காக அணிவகுத்திருந்த சுழல்கள் உருகித் திரவம் போலாகின்றன. மீக்கடத்தலுக்கு அடிப்படையே எலக்ட்ரான்கள் இணை சேர்வதுதான். அவை இப்போதும் இணை சேர்ந்தபடியேதான் இருக்கும், ஆனாலும் சுழல்கள் நகர்வதால் மின்தடை தலைகாட்டும். 1995-இல் எல்டாட் ஸெல்டோவ் குழுவினர் இந்தப் பிஸ்மத் படிகத்தின் மேல் காந்தப்புலத்தை அளக்கும் நுண்ணிய ஹால் உணரிகளை வைத்துப் பார்த்தபோது, உருகும் கணத்தில் உள்ளூர்க் காந்தப்புலம் சட்டென்று ஒரு படி ஏறியது. உருகியபின் சுழல்கள் இன்னும் நெருக்கமாகின்றன என்று அர்த்தம். பனிக்கட்டியைவிட நீர் அடர்த்தியாக இருப்பது போலத்தான் இதுவும்.

எனவே 77 கெல்வின் திரவ நைட்ரஜனில் இந்தச் சேர்மம் மீக்கடத்தினாலும், வலுவான புலத்தில் அங்கே உபயோகப்படாது. திரவ ஹீலியத்தில் 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தால் 20 டெஸ்லாவுக்கு மேலும் தாங்கும்.

புலத்தை அடுக்குகளுக்கு இணையாகத் திருப்பினால் நிலைமையே வேறு. சுழல்கள் அடுக்குகளின் இடுக்கில் படுத்துவிடும். குறுக்கே தாண்டுவது அவற்றுக்குக் கடினம். நியோபியம் டைசெலினைடு என்ற இன்னொரு அடுக்கு மீக்கடத்தியை ஒற்றை அடுக்காக எடுத்தால், அடுக்குக்கு இணையான புலத்துக்குச் சுழல் உருவாகவே இடமில்லை. எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் (ஸ்பின்) அடுக்கின் தளத்துக்குச் செங்குத்தாகப் பூட்டப்பட்டிருப்பதால், எலக்ட்ரான் இணைகளை உடைக்கும் வழக்கமான புல எல்லையைப் போலப் பல மடங்கு புலத்தை அது தாங்குகிறது.

காந்தம் கட்டுபவர்களுக்கு இந்தத் திசை விவகாரம் அன்றாடப் பிரச்சினை. பிஸ்மத் சேர்மத்தைவிட அடுக்குப் பிணைப்பு வலுவான, இட்ரியம் கலந்த தாமிர ஆக்சைடு நாடாவை உள்சுருளில் சுற்றி, 2017-இல் அமெரிக்காவின் டல்லஹாசியில் 32 டெஸ்லா காந்தத்தை இயக்கினார்கள். சுருளின் நடுவில் புலம் நாடாவின் முகத்துக்கு இணையாக ஓடும், அங்கே கவலையில்லை. இரு முனைகளிலும் புலம் வளைந்து முகத்தில் சாய்வாக இறங்கும். மொத்தச் சுருளில் எவ்வளவு மின்னோட்டம் விடலாம் என்பதைப் பெரும்பாலும் அந்த முனைகள்தான் முடிவு செய்கின்றன.