நிச் கம்யூனிட்டி: முக்கிய சமூகமா, ஆர்வலர் வட்டமா?

'முக்கிய சமூகங்களை உருவாக்குங்கள்' என்று நாகர்கோவிலில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் வகுப்பின் நோட்டீஸில் பார்த்தேன். அடிக்கடி கண்ணில் படும் மொழிபெயர்ப்புதான். மூலத்தில் இருப்பது 'நிச் கம்யூனிட்டி'. ஊரில் பலரும் கண்டுகொள்ளாத ஒன்றின் மேல் தீராத ஆசை வைத்த கொஞ்சம் பேர் இணையத்தில் கூடுவது. அதை 'முக்கிய' என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

நிச் என்பது பிரெஞ்சு வழி வந்த சொல். சுவரில் சிலை வைக்கும் குழிவுதான் பழைய பொருள். நம் வீடுகளில் விளக்கு வைக்கும் மாடம் மாதிரி. 1917-இல் அமெரிக்க விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெல் ஒரு பறவைக்குப் பொருந்திய வாழ்விடச் சூழலைச் சொல்ல இதைக் கையாண்டார். அப்புறம் வணிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். கம்யூனிட்டிக்கு வேர், 'பொது' என்று பொருள் தரும் லத்தீன் சொல். சரி, இது போதும்.

என் வருத்தம் 'சமூகம்' பற்றித்தான். திரள் என்று பொருள்படும் சமஸ்கிருத 'சமூஹ' வழி வந்த நல்ல சொல் அது. சமூக நீதி, சமூக அறிவியல் என்னும்போது ஒரு குறையும் இல்லை. ஆனால் 'எங்கள் சமூகம்', 'அந்தச் சமூகம்' என்றால் நம் பக்கத்தில் அது சாதி. தோவாளையிலோ தக்கலையிலோ ஒருவர் 'நீங்க எந்தச் சமூகம்?' என்று கேட்டால் வேறு எதைக் கேட்கிறார்? கம்யூனிட்டி சர்டிபிகேட் என்பதும் சாதிச் சான்றிதழ்தானே. சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வரும் பறவைகளைப் பார்க்க, சாதி மதம் பாராமல் சேர்கிறவர்களுக்கா இந்தப் பெயர்? அது பிறப்பால் ஒட்டுவது. இது விரும்பிச் சேர்வது, விருப்பம் போனால் விலகலாம்.

சிலர் 'குறுங்குழு' என்கிறார்கள். 'குறுங்குழுவாதம்' அரசியலில் வசைச்சொல் என்பதை மறந்துவிட்டார்கள். 'குழுமம்' தேவலை, ஆனால் அதைக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன.

'ஆர்வலர் வட்டம்' என்பதே என் தேர்வு. அன்புடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே 'ஆர்வலர்' இருக்கிறது. கல்குளம் வட்டம், விளவங்கோடு வட்டம் என்று தாலுகாவையும் சொல்கிறோமே என்பார்கள். நண்பர் வட்டம், வாசகர் வட்டம் என்றால் யாரும் தாலுகா அலுவலகத்தை நினைப்பதில்லை.

'நிச்' என்பதற்குத் தனிச்சொல் தேடவே வேண்டாம். எதில் ஆர்வமோ அதை முன்னால் போட்டால் போதும். மொழிபெயர்ப்பாளர்கள் இதை யோசிக்காமல், இயந்திரம் நீட்டும் முதல் சொல்லை அப்படியே ஒட்டுகிறார்கள். 'முக்கிய விவசாயச் சமூகம்' என்று வாட்ஸ்அப்பில் தொடங்கினால் யார் யாரோ வந்து காலை வணக்கப் படங்களை நிரப்புவார்கள். 'மட்டி வாழை ஆர்வலர் வட்டம்' என்று வையுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டியின் கன்று எங்கே கிடைக்கும், வாடல் நோய்க்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்கள் வருவார்கள்.