பிளஷர் கார் உல்லாச ஊர்தி அல்ல

பழைய அமெரிக்க கார் விளம்பரங்களைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ‘உல்லாச ஊர்தி’ வந்து நின்றுவிடுகிறது. ‘பிளஷர் கார்’ என்பதற்கு இவர்கள் கண்ட தமிழ் அது. படிப்பவர் பட்டு மெத்தையையும் பணக்காரக் கும்மாளத்தையும் கற்பனை செய்துகொள்கிறார்.

இந்தச் சொல்வழக்கு குதிரை வண்டிக் காலத்தது. சரக்கு ஏற்றும் வண்டி ஒன்று, வீட்டார் ஏறிப்போகும் ‘பிளஷர்’ வண்டி மற்றொன்று. மோட்டார் வந்தபோதும் இந்தப் பாகுபாடு தொடர்ந்தது. லாரியும் வேனும் போக மிச்சமெல்லாம் பிளஷர் கார். 1908இல் 850 டாலருக்கு வந்த ஃபோர்டு மாடல் டியும் இந்தக் கணக்கில்தான் சேர்த்தி. அதை வாங்கிய விவசாயிகள் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி விறகு அறுத்தார்கள். இதில் உல்லாசம் எங்கே வந்தது?

அகராதி அப்படித்தானே சொல்கிறது என்பார்கள். அகராதி தனிச்சொல்லுக்குப் பொருள் தரும். வியாபாரிகள் வைத்த வகைப்பெயரை அது ஏன் கவனிக்கப்போகிறது? விளம்பரம் என்றால் கவர்ச்சி வேண்டாமா என்பது அடுத்த வாதம். அந்தச் சொல்லால் விற்றவர்களே அவதிப்பட்டதுதான் வேடிக்கை. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும், கேளிக்கைப் பொருள் என்று முத்திரை விழுந்தால் முதலில் கை வைக்கப்படுவது தங்கள் தொழிலில்தான் என்று கார்த் தொழிலினர் அஞ்சினார்கள். 1918இல் ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுக்க வேண்டாம் என்று மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே உள்ளவர்களை அரசு கேட்டுக்கொண்டது. ‘பிளஷரை’ விட்டுவிட்டு ‘பாசஞ்சர் கார்’ என்று சொல்லுங்கள் எனத் தொழிலினரே வற்புறுத்தினார்கள். அன்று அவர்கள் பயந்த தப்பர்த்தத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்று தலைப்பாகவே போடுகிறார்கள்.

உல்லாசத்தையே காட்டி விற்ற விளம்பரமும் உண்டு. 1923இல் வந்த ஜோர்டன் பிளேபாய் என்ற காரின் விளம்பரத்தில், அமெரிக்காவின் லாரமி ஊருக்கு மேற்கே முரட்டுக் குதிரையை அடக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். படத்தில் குதிரைவீரனோடு போட்டியிட்டுக் கார் பறக்கிறது. இன்ஜினைப் பற்றிய பேச்சே இல்லை. அங்கே உல்லாசத்தை அள்ளிப் போடட்டும், யார் கேட்கப் போகிறார்கள்?

நம் கிராமத்துப் பெரியவர்கள் இவர்களைவிடத் தெளிவானவர்கள். எந்தக் காரையும் ‘பிளசர்’ என்பார்கள். பிரசவத்துக்கும் பிளசர், சாவு வீட்டுக்கும் பிளசர். அவர்களுக்கு அது வெறும் வண்டிப் பெயர். தூய தமிழ் என்று கொண்டாடப்படும் ‘மகிழுந்து’தான் அந்தப் பிளஷரை விடாமல் சுமக்கிறது. மகிழ்ச்சியை ஏன் வண்டியில் ஏற்ற வேண்டும்? அந்தச் சொல் எனக்கு என்றுமே ஒட்டியதில்லை.

விளம்பர வாசகத்துக்கு வெறும் ‘கார்’ போதும். விலைப்பட்டியலில் லாரியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமானால் ‘பயணிகள் கார்’. இன்று தொழில்துறைச் செய்திகளில் புழங்குவதும் அதுதான். ‘ரன்அபவுட்’ என்ற சிறிய திறந்த காரைச் ‘சுற்றியோடும் ஊர்தி’ ஆக்கியவர்களின் கணக்கை இன்னொரு நாள் தீர்க்கலாம்.