'மீட்கப்பட்ட குட்டி' என்ற அட்டையை நம்பலாமா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் நாய், பூனை, முயல் எல்லாம் காப்பகத்திலிருந்தோ, கைவிடப்பட்ட விலங்குகளைக் காப்பாற்றித் தத்துக் கொடுக்கும் மீட்புக் குழுவிடமிருந்தோதான் வரவேண்டும் என்று சட்டம் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதன்பிறகும் சில கடைகளில் எட்டு வார உயர்ரகக் குட்டிகள் 'மீட்கப்பட்டவை' என்ற பெயரில் விற்பனைக்கு இருந்தன. எட்டு வாரக் குட்டியை யாரிடமிருந்து மீட்டார்கள்? மத்திய மேற்கு மாநிலங்களின் நாய்ப் பண்ணைகள் வளர்த்த குட்டிகளை, பெயருக்கு ஒரு மீட்புக் குழுவைப் பதிவு செய்து, அதன் வழியாக அனுப்பினார்கள். 2019இல் அயோவா மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் இதற்காக வழக்கே தொடுத்தார். கலிஃபோர்னியா 2020இல் இன்னொரு சட்டம் இயற்றி ஓட்டையை அடைத்தது. இப்போது கடைகள் இந்த விலங்குகளை விற்கவே முடியாது. தத்துக் கொடுப்பதற்கு இடம் தரலாம், அதற்கான கட்டணம் 500 டாலரைத் தாண்டக் கூடாது.

கால்நடை மருத்துவராக நான் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன் வாயைத்தான் திறந்து பார்ப்பேன். எட்டு வாரத்தில் பால் பற்கள் ஏறக்குறைய முழுவதும் முளைத்திருக்க வேண்டும். ஈறு பாதி வெறுமையாக இருந்தால், சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைச் சந்தேகிப்பேன். (சிறிய இனங்களுக்குப் பற்கள் சற்றுத் தாமதமாகும் என்பதையும் கணக்கில் கொள்வேன்.) எட்டு வாரம் ஆகாத குட்டியை வணிகத்துக்காக ஏற்றி அனுப்பக் கூடாது என்பது கூட்டாட்சி விதி. அதனால்தான் தேதியைத் திருத்தும் ஆசை வருகிறது.

"நாய்ப் பண்ணைக்காரர்களிடம் அமெரிக்க விவசாயத் துறை லைசென்ஸ் இருக்கிறதாமே டாக்டர்" என்பார்கள், குட்டி வாங்கியவர்கள். இருக்கலாம். 1966ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழ் வரும் அந்த உரிமம் எதைக் கேட்கிறது தெரியுமா? கூண்டின் உயரம் நாயின் தலைக்கு மேல் ஆறு அங்குலம் இருந்தால் போதும். தரைக்கும் கணக்கு உண்டு: நாயின் நீளத்தோடு ஆறு அங்குலம் கூட்டி, அதை அதே எண்ணால் பெருக்கினால் வரும் சதுர அங்குலம். வாழ்நாள் முழுவதும் அவ்வளவு இடத்தில் ஒரு தாய் நாயை வைத்திருந்தாலும் அளவு விதி மீறப்படவில்லை. நான்கு அல்லது அதற்குக் குறைவான தாய் விலங்குகளை வைத்துக் குட்டி விற்பவர்களுக்கு அந்த உரிமமும் பொதுவாகத் தேவையில்லை. வாங்குபவர் நேரில் வந்து பார்த்து வாங்கினாலும் விலக்கு உண்டு. இணையத்தில் பார்க்காமல் விற்பவர்களை 2013இல்தான் இந்த உரிம விதிக்குள் கொண்டுவந்தார்கள்.

மீட்புக் குழுக்களின் நிலை இன்னும் குழப்பம். கொலராடோவில் காப்பகம், மீட்புக் குழு, பெரிய அளவில் குட்டி விற்கும் பிரீடர் (இனப்பெருக்கம் செய்து விற்பவர்) எல்லோருக்கும் மாநில உரிமம் கட்டாயம். மாசசூசெட்ஸில் வெளிமாநிலத்திலிருந்து வரும் மீட்பு நாய்களைத் தத்துக் கொடுக்குமுன் 48 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும். வேறு சில மாநிலங்களில் ஒரு இணையப் பக்கமும் ஒரு வேனும் இருந்தால் போதும், நீங்களும் மீட்புக் குழுதான். உண்மையாக உழைக்கும் தன்னார்வலர்களுக்குத்தான் இது அதிகம் கெடுதல். உரிம விதி வேண்டும் என்று நான் சொல்வதும் அவர்களுக்காகவே.

மாநில எல்லை தாண்டும்போது தரப்படும் மருத்துவப் பரிசோதனைச் சான்றிதழ் பெரும்பாலும் 30 நாள் செல்லும். நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றினால் அறிகுறி தெரிய ஒரு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சான்றிதழ் எழுதிய நாளில் துள்ளிய குட்டி உங்கள் வீட்டில் வாந்தியும் ரத்தப் பேதியுமாகக் கிடக்கலாம். எழுதிய மருத்துவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அப்படி நேர்ந்தால் செலவு யாருடையது? கலிஃபோர்னியாவில் பிரீடரிடம் வாங்கியிருந்தால், 15 நாளுக்குள் நோய் தெரிந்தாலும், ஓர் ஆண்டுக்குள் பிறவிக் குறை தெரிந்தாலும், மருத்துவரின் எழுத்துச் சான்றோடு ஈடு கேட்கலாம். தத்தெடுத்த நாய்க்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு. கையெழுத்திடுமுன் மருத்துவச் செலவு பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் அது உங்கள் பொறுப்பு என்றுதான் இருக்கும்.