கை பருக்கவில்லை, எடை மட்டும் கூடுகிறதே?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வயது 42, பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவர். ஜிம்மில் தனியாகச் சொல்லிக்கொடுக்க மாதம் ஆறாயிரம் கேட்டார்களாம். கட்டுப்படியாகாது என்று ஒரு ஜோடி டம்பெல் வாங்கி வீட்டிலேயே தொடங்கிவிட்டார். "முதல் நாள் 5 கிலோவை எட்டு தடவை தூக்குவதற்குள் கை நடுங்கியது. நாலே வாரத்தில் 7.5 கிலோவைப் பன்னிரண்டு தடவை தூக்குகிறேன். டேப் வைத்து அளந்தால் கை அதே 29 சென்டிமீட்டர். அப்படியென்றால் பலம் எங்கிருந்து வருகிறது? இப்படியே ஏற்றிக்கொண்டு போகலாமா?"

பலம் நரம்பிலிருந்து வருகிறது. இப்படியே ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்பதற்கும் அதுவேதான் காரணம்.

மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாகத் தசைக்குப் போகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனக்கென ஒரு கூட்டம் தசை இழைகளை வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு செல்லுக்குப் பத்து இழை இருந்தாலே அதிகம். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கு மேல். செல் மின்துடிப்பை அனுப்பினால் அதன் கூட்டம் முழுவதும் சுருங்கும். பாதி சுருங்குவது என்ற பேச்சே கிடையாது. அப்படியானால் ஒரு காப்பி டம்ளரை மெதுவாகவும் ஒரு சிப்பம் அரிசியை வேகமாகவும் தூக்குவது எப்படி? யாரை எப்போது கூப்பிடுவது என்று மூளை உட்கார்ந்து பட்டியல் போடுகிறதா?

தேவையே இல்லை என்று பூனைகளை வைத்துக் காட்டினார் அமெரிக்காவின் ஹார்வர்டில் இருந்த உடலியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னிமன். ஆண்டு 1957. நம் பழைய ஓம் விதிதான் விஷயம். சின்ன செல்லுக்கு மேல்பரப்பு குறைவு, அதனால் மின்தடை அதிகம். ஒரே அளவு மின்னோட்டம் வந்தாலும் சின்ன செல்லில் மின்னழுத்தம் சட்டென்று ஏறிவிடும், பெரிய செல்லில் ஏறாது. சொம்பு, குடம், அண்டா மூன்றையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் சொம்பு வழியும், பிறகு குடம், கடைசியில் அண்டா. மூளை செய்வதெல்லாம் ஊற்றும் அளவைக் கூட்டுவது மட்டும். சின்ன செல்களின் சோர்வடையாத சிறு கூட்டங்கள் முதலிலும், பெரிய செல்களின் சீக்கிரம் களைத்துப்போகும் முரட்டுக் கூட்டங்கள் கடைசியிலும் தாமாகவே வந்து சேர்கின்றன. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

புதிதாக எடை தூக்குகிறவருக்கு அண்டா வழிகிற அளவுக்கு ஊற்றப் பழக்கம் இருக்காது. போதாததற்கு, மேல்கையின் முன்பக்கத் தசை கையை மடக்கும்போது பின்பக்கத் தசையும் பயத்தில் இறுகி எதிர்ப்பக்கம் இழுக்கும். முதல் சில வாரங்களில் சரியாவது பெரும்பாலும் இதுதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894-லேயே பார்த்திருக்கிறார்கள்: ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், சும்மா இருந்த இன்னொரு கைக்கும் கொஞ்சம் பலம் கூடுகிறது. சும்மா இருந்த கையில் தசை எப்படி வளரும்?

சரி, இனி ஆபத்துக்கு வருவோம். நரம்பு வாரக்கணக்கில் கற்றுக்கொள்கிறது. தசையை எலும்போடு கட்டும் நாண் மாதக்கணக்கில்தான் உறுதிப்படும். நாண் எவ்வளவு மெதுவானது என்பதை டென்மார்க்கில் 2013-இல் அணுகுண்டை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது. அந்தக் காலத்தில் உருவான திசுவில் அதன் முத்திரை இருக்கும். இறந்தவர்களின் குதிகால் நாணை எடுத்துப் பார்த்தால், அதன் மையப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குள் கட்டி முடிக்கப்பட்டது, பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. பயிற்சியில் நாணும் விறைப்பேறும், ஆனால் அதற்கு அவசரமே கிடையாது.

எனக்கு இது ஏழாவது வாரத்தில் புரிந்தது. பலம் கூடுகிற குஷியில் வாரம் ஒரு தட்டு ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு நாள் காலையில் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினால் முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றது. மூன்று மாதம் எல்லாவற்றுக்கும் இடது கைதான்.

ஆகவே வாசகருக்கு: வாரம் இரண்டு நாள் போதும், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. இன்னும் இரண்டு மூன்று தடவை தூக்கலாம் என்ற நிலையிலேயே கீழே வைத்துவிடுங்கள். ஒரே எடையில் பன்னிரண்டு தடவை சுலபமாகி, அதற்கப்புறமும் இரண்டு வாரம் அதிலேயே இருங்கள். டம்பெல்லில் அடுத்த படி பெரிதாக இருந்தால், கைப்பிடி வைத்த 10 லிட்டர் கேனில் அரை லிட்டர் அரை லிட்டராகத் தண்ணீர் ஏற்றுங்கள்; அரை லிட்டர் என்றால் அரை கிலோ, இவ்வளவு நுணுக்கமான படி பல ஜிம்களில் கிடையாது.

மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது விடுங்கள். 1985-இல் உடற்கட்டு வீரர்களின் ரத்தக்குழாயிலேயே கருவி வைத்து அளந்தார்கள்: மூச்சடக்கி முழு பலத்தோடு காலால் எடை தள்ளும்போது அழுத்தம் சராசரியாக 320/250. பிரஷர், இதயக் கோளாறு, குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஆளில்லாமல் மல்லாந்து படுத்துக் கம்பி தூக்குவதாக இருந்தால் தட்டுகள் நழுவாமல் பிடிக்கும் கிளிப்பை ஓரத்தில் மாட்டாதீர்கள். கம்பிக்கு அடியில் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துத் தட்டுகளை உருட்டிவிடலாம்.

மறுநாள் வலிப்பது லாக்டிக் அமிலத்தால் என்று சொல்பவரை நம்ப வேண்டாம், அது ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். பழக்கமில்லாத இழைகள், அதுவும் எடையை இறக்கும்போது, நுண்ணியதாகக் கிழிபடுவதால் வருகிற வலி அது. வலித்தால்தான் பலன் என்பது நம் ஊர் ஜிம்களின் மூடநம்பிக்கை. முதல் வாரமே வெறிபிடித்துத் தூக்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எடைப் பயிற்சி ஆய்வுகளில் பலவும் வெளிநாட்டுக் கல்லூரிப் பையன்களை வைத்துச் செய்தவை. மாவு அரைத்து, குடம் சுமந்து ஐம்பதைத் தாண்டிய நம் பெண்களின் நாண்களை அளக்க ஒரு சின்னத் தொகையாவது ஒதுக்கினால் என்ன?

டேப்பைப் பற்றி: பீரோவில் வைத்துவிடுங்கள். மூன்றாம் மாதம் எடுத்துப் பார்க்கலாம்.